பன்னிரண்டு முதல் நாலு வரை என்ன செய்வீர்கள்? புதுச்சேரியும் கடலூரும் பார்க்க வருகிறவர்களுக்கு

புதுச்சேரியின் பழைய நகரத்தை நடந்தே சுற்றி முடித்துவிடலாம். கடலூர் அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள். இரண்டு ஊரிலும் வெளியூர்க்காரர்களைத் திணறடிப்பது தூரமல்ல, பூட்டிய கதவு. ஒன்பதரைக்கு எழுந்து, டிபன் முடித்து, பதினொன்றரைக்குத் தெருவில் இறங்கினால் கோயிலில் நடை சாத்தும் நேரம். அரவிந்தர் ஆசிரமத்தில் பன்னிரண்டுக்குக் கதவடைப்பு. மார்க்கெட்டில் நல்ல மீன் போய்விட்டிருக்கும். நாலு மணிவரை வெயிலில் அலைந்துவிட்டு, "மஞ்சள் சுவர் தவிர இந்த ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே திரும்புவார்கள். கீழே உள்ள திட்டம் இரண்டரை நாளுக்கானது. எதை எங்கே பார்ப்பது என்பதைவிட எந்த நேரத்தில் எங்கே நிற்பது என்பதுதான் இதில் முக்கியம்.

1. அறை போடுவதற்கு முன் கிழமையைப் பாருங்கள்

இரண்டு ஊரும் இரண்டு அரசுகளின் கீழ் இருக்கின்றன. அதனால் விடுமுறையும் இரண்டு விதம்.

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும், பாரதியார், பாரதிதாசன் நினைவு இல்லங்களுக்கும் வார விடுமுறை திங்கட்கிழமை. கடலூர் அரசு அருங்காட்சியகம் தமிழ்நாடு அரசின் கீழ் வருவதால் அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையையும் கடலூருக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகிதத் தொழிற்கூடத்துக்கு ஞாயிறு விடுமுறை. ஆக, வெள்ளி இரவு வந்து திங்கள் மாலை கிளம்புகிற வழக்கமான "லாங் வீக்எண்ட்" திட்டம்தான் உள்ளதிலேயே மோசமானது. அறை வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

செவ்வாய், புதன், வியாழன் சேர்ந்து கிடைத்தால் அதை விடாதீர்கள். எல்லாமே திறந்திருக்கும், அறையும் மலிவு. சனி, ஞாயிறு தவிர வேறு வழியில்லை என்றால் சனிக்கிழமை புதுச்சேரி, ஞாயிறு கடலூர், ஞாயிறு மாலை திரும்பிவந்து சண்டே மார்க்கெட் என்று அடுக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சனி இரண்டாம் சனியாக இருந்தாலும் பாதகமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரியில் அரசு விடுமுறை. 1962இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள் முதலாவது, 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய நாள் இரண்டாவது. சென்னையில் அச்சாகும் தினக்காலண்டரில் இவை இருக்காது. சுதந்திர தினத்தோடு மறுநாளையும் சேர்த்து லீவு போட்டு வந்தால் இரண்டு நாளும் அருங்காட்சியகம் பூட்டியிருக்கும்.

மாசி மகத்தன்று கடற்கரைப் பக்கம் வண்டியில் போக நினைக்காதீர்கள். புதுச்சேரியில் வைத்திக்குப்பத்துக்கும் கடலூரில் தேவனாம்பட்டினத்துக்கும் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும் நாள் அது. அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால், அதைவிட நல்ல நாள் வேறு இல்லை. விடியற்காலையிலேயே நடந்து போய்விடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

அறை எடுக்கும்போது தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். குடும்பத்தில் ஒருவர் ஆதாரைக் காட்டினால் போதும் என்ற நினைப்பில் வந்து, ராத்திரி பதினோரு மணிக்கு வரவேற்பறையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டுப் படம் அனுப்பச் சொல்வது சகஜம். நால்வர் வந்தால் நாலு அட்டை, கூடவே இரண்டு செட் நகல். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவினர் கூட வந்தால் விசாப் பக்கத்தின் நகலும் வேண்டும். அவர்கள் விவரத்தை விடுதி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதால், சில சின்ன விடுதிகள் இடமிருந்தும் மறுத்துவிடும். முன்பதிவின்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசிரம விருந்தினர் இல்லங்கள் விலைக்கு நல்லவை. ஆனால் இரவு பத்தரை வாக்கில் கேட் பூட்டிவிடுவார்கள். மது, புகை இரண்டும் கூடாது. பின்னிரவில் பேருந்து இறங்குகிறவர்களுக்குச் சரிப்படாது.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க ஓட்டுநர் உரிமத்தின் அசல் வேண்டும். டிஜிலாக்கரில் இருக்கும் பிரதியைப் போலீஸ் ஏற்றுக்கொள்ளும், வாடகைக் கடைக்காரர் ஏற்பது அவர் மனசு. பிணையாக ஏதாவது ஓர் அசல் அட்டையை வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். ஆதாரையோ கடவுச்சீட்டையோ கொடுக்காதீர்கள். நகலும் முன்பணமும் கொடுத்து ரசீது வாங்குங்கள். முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், ஊரில் கடைக்கா பஞ்சம்?

3. ஊர் அமைப்பை ஐந்து நிமிடத்தில் பிடிப்பது

பழைய நகரத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு சாலை ஓடுகிறது. அதற்குள் தெருக்கள் கட்டம் போட்டாற்போல் இருக்கும். நடுவே வடக்குத் தெற்காக ஒரு பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே கடற்கரைவரை வைட் டவுன் என்கிற பிரெஞ்சுக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வாய்க்கால் எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் வழி தப்பாது.

தெருப்பெயரில்தான் குழப்பம். ஒரே தெருவுக்குப் பலகையில் ஒரு பெயரும் மக்கள் வாயில் இன்னொன்றும் இருக்கும். குபேர் அங்காடி என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிப்பார், "பெரிய மார்க்கெட்" என்றால் உடனே புரியும். மாதா கோயில்களில் மிஷன் வீதியில் இருப்பது சம்பா கோயில், துய்மா வீதியில் இருப்பது கப்ஸ் கோயில், ரயில் நிலையத்துக்கு அருகில் இருப்பது இருதய ஆண்டவர் பசிலிக்கா. வெறுமனே "சர்ச்" என்று சொல்லி ஏறினால் இந்த மூன்றில் எதில் வேண்டுமானாலும் இறக்கிவிடப்படலாம்.

4. வண்டி: எதற்கு எது

பழைய நகரத்துக்குள் கால்தான் சிறந்த வண்டி. ஒருவழிப் பாதைகளும் நேரு வீதி நெரிசலும் சேர்ந்து, நடையில் பத்து நிமிட தூரத்தை ஸ்கூட்டரில் இருபதாக்கிவிடும். பேருந்து நிலையம் இருப்பது மறைமலை அடிகள் சாலையில், கட்டத்துக்கு வெளியே. அங்கிருந்து பெட்டியோடு நடக்க வேண்டாம். டெம்போ கிடைத்தால் ராஜா தியேட்டர் சிக்னல் அல்லது அஜந்தா சிக்னலில் இறங்கிக்கொள்ளலாம், சில்லறைக் காசுதான். ஆட்டோ என்றால் மீட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏறும் முன்பே தொகையைப் பேசி, "மொத்தத்துக்கா, ஆளுக்கா?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தகராறு பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் வருகிறது.

ஸ்கூட்டர் தேவைப்படுவது, ரோமானிய வாணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்குப் போகும் அரை நாளுக்கு மட்டும். வாடகை நாளுக்கு ஐந்நூறு ரூபாயை ஒட்டி இருக்கும், சனி ஞாயிறுகளில் ஏறும். நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டியில் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதை வாடகைக்கு விடுவதே தவறு, விபத்து என்று வந்தால் காப்பீடு கைகொடுக்காது. வண்டியை எடுக்கும் முன் நாலு பக்கமும் வீடியோ எடுத்து, பெட்ரோல் முள்ளையும் அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய கீறலுக்குப் புதிதாகக் காசு கேட்பது இந்தத் தொழிலில் நடக்கிற விஷயம். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து இரண்டு ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

5. முதல் நாள் காலை: கடற்கரை, மார்க்கெட், கோயில்

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை ஏழரைவரை வண்டிகள் விடுவதில்லை. எல்லாரும் மாலையில் போவதால் விடியற்காலை காலியாகக் கிடக்கும். ஆறு மணிக்கு காந்தி சிலையில் தொடங்கினால் 1836இன் பழைய கலங்கரை விளக்கமும் எதிரே போர் நினைவுச் சின்னமும் கூட்டமில்லாமல் கிடைக்கும். இது பாறை போட்ட கரை. குளிக்க இறங்காதீர்கள், பாறை வழுக்கும்.

ஏழரைக்குப் பெரிய மார்க்கெட். காந்தி வீதி, நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி என்று பல பக்கமும் வாசல் உண்டு. நேரு வீதிப் பக்கம் நுழைந்தால் முதலில் பூவும் காயும் வரும். மீன் பகுதிக்கு வாசனையே வழி காட்டும். தரை ஈரமாகவே இருக்கும், துணிச்செருப்பில் போகாதீர்கள். மீன் விற்கும் அம்மாக்களைக் கேட்காமல் படம் எடுத்தால் நல்ல வசவு கிடைக்கும், அது நியாயமும்கூட. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பாதிப்பேர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். கால் கிலோ நெத்திலியாவது வாங்குகிற வசதி இருந்தால் இன்னும் எளிதாகச் சம்மதிப்பார்கள்.

மார்க்கெட்டை ஒட்டியே ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவரின் வீடு. கீழே தமிழ் வீட்டு மரத்தூண், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண் என்று ஒரே கட்டடத்தில் இரண்டு ஊர் இருக்கும். முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாமல் போகலாம். அதை நம்பித் திட்டம் போடாமல், வழியில் இருப்பதால் எட்டிப் பாருங்கள்.

ஒன்பது மணிக்கு மணக்குள விநாயகர் கோயில். காலை நடை பன்னிரண்டரை வாக்கில் சாத்தி, மாலை நாலுக்குத் திறப்பார்கள். இங்கே இருந்த யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் குழந்தைகளுக்கு யானை காட்டுவதாக வாக்குக் கொடுத்து அழைத்து வராதீர்கள்.

பிறகு வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தால் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டுக்கும் கட்டணமில்லை. பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். கையெழுத்துப் பிரதிகளையும் அந்தக் காலப் பத்திரிகைகளையும் நின்று படிக்கிறவருக்கு அரைமணி போதாது, படம் மட்டும் பார்க்கிறவருக்குப் பத்து நிமிடமே அதிகம். கூட வருகிறவர்கள் எந்த ரகம் என்று பார்த்து நேரம் ஒதுக்குங்கள்.

6. பதினொன்றரை: புதுச்சேரி அருங்காட்சியகம்

செயின்ட் லூயி வீதியில், பாரதி பூங்காவுக்கும் ராஜ் நிவாசுக்கும் பக்கத்தில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு பத்து ரூபாயைச் சுற்றித்தான், வெளிநாட்டவருக்குக் கூடுதல். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்பதை வாசலிலேயே கேட்டுவிடுங்கள். ராஜ் நிவாஸ் வாசலில் காவலர்களை நோக்கி கேமரா தூக்காதீர்கள்.

இங்கே முக்கால்வாசிப்பேர் செய்யும் தவறு, பிரெஞ்சுக் கால நாற்காலி, கட்டில், பல்லக்கு, ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி இவற்றிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு அரிக்கமேட்டுப் பகுதியை நடந்தபடியே கடப்பது. நேர்மாறாகச் செய்யுங்கள். அரிக்கமேட்டில் போய் நின்றால் அங்கே எதுவும் இருக்காது, கிடைத்ததில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது. மூன்றைத் தேடிப் பாருங்கள். ஒன்று ஆம்போரா சாடியின் துண்டுகள். இரண்டு கைப்பிடி, கூரான அடி. தரையில் நிற்காத அந்த அடி கப்பலில் சாய்த்து அடுக்குவதற்கானது. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த பாத்திரம் இது. இரண்டாவது, உட்புற அடியில் வரிவரியாகச் சக்கர வேலைப்பாடு உள்ள மெல்லிய தட்டு. ரௌலட்டட் வகை என்பார்கள். மூன்றாவது மணிகள். கல்லையும் கண்ணாடியையும் கொண்டு இங்கேயே மணி செய்திருக்கிறார்கள். முடிந்த மணியைவிட, பாதி துளையிட்டு விட்டுவிட்ட மணிதான் பட்டறை இருந்ததற்குச் சாட்சி. இவற்றோடு சோழர் கால வெண்கலச் சிலைகளையும் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

அருகிலேயே பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1955இல் தொடங்கியது. அதன் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005 முதல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் உள்ளது. இது சுற்றுலா இடமல்ல, ஆய்வு நிறுவனம். சுவடிகளிலோ கல்வெட்டிலோ உண்மையான வேலை இருப்பவர்கள் முன்பே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையோடு வார நாளில் போகலாம்.

7. அந்த நாலு மணி நேரம்

ஒன்றுக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்கு ஆசிரமம் மீண்டும் திறக்கும், பார்வை நேரம் காலை 8 முதல் 12, மதியம் 2 முதல் 6. கட்டணமில்லை. செருப்பை எதிரே விட வேண்டும், போனை அணைத்துவிட வேண்டும், உள்ளே பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை அனுமதிப்பதில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் ஒருவர் வெளியே இருக்க, மாறிமாறித்தான் போக வேண்டியிருக்கும்.

மூன்று மணிக்கு சர்தார் பட்டேல் சாலையில் உள்ள கைக்காகிதத் தொழிற்கூடம். பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, சட்டத்தில் வார்த்து, அழுத்தி, காயவைத்துத் தாளாக்குவதை நேரில் பார்க்கலாம். குழந்தைகள் இந்த நாளில் கடைசிவரை பேசுவது இதைப்பற்றித்தான். விற்பனைப் பகுதியில் தாளைச் சுருட்டி வாங்காதீர்கள், தட்டையாக அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பேருந்தின் மேல் அடுக்கில் சுருள் நசுங்கிவிடும்.

நாலுக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் வைசியாள் வீதி. பலகையில் கால்வே சுப்பராய செட்டியார் வீதி என்றிருக்கும். வைட் டவுனுக்கு ஓடும் கூட்டம் இங்கே வருவதில்லை. வீட்டுக்கு முன் திண்ணை, அதற்கும் வெளியே வழிப்போக்கர் ஒதுங்கத் தாழ்வாரம், மாடியில் மட்டும் பிரெஞ்சு சன்னல். புதுச்சேரி வீடு என்றால் இதுதான், மஞ்சள் சுவர் அல்ல என்பது என் கட்சி. கப்ஸ் கோயிலும் சம்பா கோயிலும் மாலையில் திறந்திருக்கும். பூசை நடக்கும்போது பின்வரிசையில் உட்காருங்கள், நடைபாதையில் சுற்றாதீர்கள்.

வைட் டவுன் வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வாசல்படியில் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம் என்று சில வீட்டில் பலகையே மாட்டியிருக்கிறார்கள்.

8. இரண்டாம் நாள்: கடலூர், கெடிலத்தின் இரு கரை

காலை ஆறுக்குக் கிளம்புங்கள். பேருந்து அடிக்கடி உண்டு, கட்டணம் ஐம்பது ரூபாய்க்குள். கடலூரை மூன்று ஊராக நினைத்துக்கொண்டால் எளிது: கெடிலத்துக்கு வடக்கே மஞ்சக்குப்பம், தெற்கே பேருந்து நிலையம் உள்ள திருப்பாதிரிப்புலியூர், அதற்கும் தெற்கே துறைமுகம் உள்ள முதுநகர். ரயிலில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். "திருப்பாதிரிப்புலியூர்" என்ற நிலையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கம், "கடலூர் துறைமுகம் சந்திப்பு" சில கிலோமீட்டர் தள்ளி முதுநகரில். சீட்டில் கடலூர் என்று இருக்கிறதே என்று இறங்கி ஆட்டோவுக்கு அழ வேண்டாம்.

முதலில் முதுநகர். சிதம்பரம் போகும் பேருந்தில் ஏறினால் இறங்கிக்கொள்ளலாம். துறைமுகத்தில் காலையில் படகு வந்ததும் ஏலம் நடக்கும். சத்தமாகவும் வேகமாகவும் போகும், நடுவே நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வந்தால் நாட்டுப்படகு மீன்தான், வரத்துக் குறைவு, விலை அதிகம், துறைமுகமும் தூங்கி வழியும். மீன் வாங்கி ஊருக்கு எடுத்துப்போக எண்ணினால் காலையில் வாங்காதீர்கள், இன்னும் பத்து மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கிறது. கருவாடு வாங்கலாம். இரண்டு உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் பகையாளி ஆவார்.

ஒன்பது மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய தலம். கோயிலைச் சுற்றிய கடைவீதியும் பான்பரி மார்க்கெட்டும் புதுச்சேரி விலையோடு ஒப்பிட்டால் மலிவு. பித்தளை விளக்கு, பூசைச் சாமான் வாங்குவதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தரைக்குள் திருவந்திபுரம் போய்விட வேண்டும். நகரப் பேருந்து உண்டு, கெடிலக் கரையிலேயே தேவநாத சுவாமி கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. எதிரே குன்றின்மேல் ஹயக்ரீவர். படி வெயிலில் சுடும், அதனால் முதலில் மலை, பிறகு கீழ்க்கோயில். இங்கே வரும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளில் ஒரே காலையில் ஏராளமான கல்யாணம் நடக்கிற தலம் இது. அன்று ஊருக்குள் நுழையும் சாலையே அடைத்துக்கொள்ளும், தரிசனமும் நடக்காது, சாப்பாடும் கிடைக்காது.

நண்பகல் நடை சாத்தியதும் மஞ்சக்குப்பம் திரும்பி அரசு அருங்காட்சியகம். மாவட்டத்தில் கிடைத்த கற்சிலை, ஈமத்தாழி, நாணயம் என்று அடக்கமான தொகுப்பு. கட்டணம் சில்லறைதான், கேமராவுக்குத் தனி. மற்ற எல்லாமே மூடியிருக்கிற நேரத்தில் திறந்திருப்பதே இதன் பெரிய வசதி. மாலை ஐந்துக்கு மூடிவிடும்.

நாலு மணிக்குத் தேவனாம்பட்டினம். செயின்ட் டேவிட் கோட்டையை செஞ்சி மாதிரி கற்பனை செய்துகொண்டு வராதீர்கள். சில சிதைந்த சுவர்களும் கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரமும்தான். 1690இல் ஆங்கிலேயர் இதை வாங்கியபோது பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலம் என்று பேசிக்கொண்டார்கள். அந்த எல்லைக்குள் வந்த ஊர்களில் ஒன்றுக்குக் குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு சில்வர் பீச்சில் சுண்டல் சாப்பிட்டுவிட்டு, ஆறரைக்குள் பேருந்து பிடியுங்கள்.

எல்லை தாண்டுவதில் ஓர் எச்சரிக்கை. புதுச்சேரியில் வாங்கிய மதுப்பாட்டிலோடு கடலூர் வராதீர்கள். முள்ளோடை, ஆல்பேட்டை பக்கம் பேருந்தையும் காரையும் நிறுத்திச் சோதிப்பார்கள். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய ஒரு பாட்டில் வழக்கில் போய் முடியும், வண்டியும் மாட்டும். டாக்சியில் வந்தால் தமிழ்நாட்டு பர்மிட் தொகை வாடகையில் சேர்ந்ததா என்பதைக் கிளம்பும் முன்பே கேளுங்கள்.

9. மூன்றாம் நாள் அரை நாள்: அரிக்கமேடு

கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம் தாண்டி, ஆற்றுப்பாலம் கடந்து, அரியாங்குப்பத்தில் வீராம்பட்டினம் சாலையில் திரும்பினால் காக்காயந்தோப்பு. பேருந்தில் வந்தால் அரியாங்குப்பத்தில் இறங்கி ஆட்டோ. காத்திருந்து திருப்பிக் கொண்டுவருவதற்கும் சேர்த்தே பேசுங்கள், அங்கே திரும்ப வண்டி கிடைக்காது. காலை எட்டுக்குள் போவது நல்லது. தோப்பு, ஆறு, இரண்டு பாழடைந்த செங்கல் சுவர்கள். அந்தச் சுவர்கள் ரோமானியர் கட்டியதல்ல, பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடம். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டிய குழிகள் மூடியாயிற்று. தண்ணீர், கழிப்பறை, கடை எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மூடிய செருப்பு. ஆற்றோரமாக நின்று, கப்பல் எப்படி இவ்வளவு உள்ளே வந்திருக்கும் என்று யோசிக்கிறவருக்கு மட்டும் இந்த இடம் பேசும். மற்றவர்கள் சுண்ணாம்பாறு படகுத்துறைக்குப் போவதே மேல், அதுவும் ஞாயிறு அல்லாத நாளில்.

தரையில் மணி கிடந்தாலும் எடுக்காதீர்கள், இது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம். "பழைய மணி சார்" என்று யாராவது நீட்டினால் இரண்டில் ஒன்று: போலி, அல்லது குற்றம். பழம்பொருள் கடைகளுக்கும் இதே விதிதான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972 சட்டம் விடுவதில்லை. வெளிநாட்டு உறவினருக்குப் பழைய பாணியில் புதிதாகச் செய்த கதவோ சிலையோ வாங்கினால் புதுசாகச் செய்தது என்று பில்லில் எழுதி வாங்காவிட்டால் விமான நிலையத்தில் நிற்பார்.

நினைவுக்கு எதையாவது வாங்க வேண்டும் என்றால் திரும்பும் வழியில் முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமத்தில் இறங்குங்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. கேட்டு வாங்கலாம். சுடுமண் பொருளைச் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாகச் சுட்டது, மந்தமாகக் கேட்டால் விரிசல்.

10. சண்டே மார்க்கெட்டும் மழையும்

ஞாயிறன்று காந்தி வீதி முழுவதும் தரைக்கடை. துணி, செருப்பு, பாத்திரம். சொன்ன விலையில் பாதியில் ஆரம்பியுங்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள், பர்ஸை முன் பையில் போடுங்கள். அந்தத் தெருவுக்குள் வண்டியைக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம்.

அக்டோபர் பாதி முதல் டிசம்பர்வரை வருகிறவர்கள் வானிலை அறிவிப்போடு சாத்தனூர் அணை நீர்திறப்புச் செய்தியையும் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கடந்த கையோடு அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணைக் கரை ஊர்களை மூழ்கடித்தது. மழை நின்று வெயில் அடித்தாலும் வெள்ளம் ஒருநாள் தள்ளித்தான் கீழே வந்து சேரும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே சுண்ணாம்பாறு, தென்பெண்ணை இரண்டையும் தாண்டியாக வேண்டும். அணை திறந்த செய்தி வந்தால் கடலூர் நாளை ரத்து செய்துவிட்டு, அறையை இன்னொரு நாளுக்கு நீட்டிக்க முடியுமா என்று அன்று காலையே விடுதியில் கேட்டுவையுங்கள்.